வேணி கொடுத்துவிட்ட சாவி

இருபத்துமூன்றாம் பாகத்தின் கடைசிப் பக்கத்தைப் படித்து முடித்த அன்னத்தாய், புத்தகத்தைச் சுருட்டிச் சுவரில் ஓங்கி ஓர் அறை அறைந்தாள். பல்லி ஒன்று பயந்துபோய்க் காலண்டருக்குப் பின்னால் ஓடி ஒளிந்தது. காப்பி ஆறி ஆடை கட்டியிருந்தது. அதை எடுத்துக் குடிக்கக்கூடக் கை வரவில்லை.

"நாசமாப் போறவனே! இதுக்கா உன் புத்தகத்த மாசாமாசம் வாங்கினேன்? அவ சாவியக் கழட்டிக் குடுக்க வைக்கவாலே?"

திட்டு வாங்கியவன் அந்தப் புத்தகத்தை எழுதியவன். அவன் எந்த ஊரில் இருக்கிறான், கிழவனா குமரனா என்று அவளுக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் அன்றைக்கு முதல் பஸ்ஸிலேயே கிளம்பியிருப்பாள்.

அது தொண்ணூற்று நாலாம் வருடத்து ஆடி மாதம். கல்லிடைக்குறிச்சியில், ஆற்றுக்கு இறங்குகிற பாதையில் இருக்கும் அன்னத்தாய் அப்பளக் கம்பெனிக்கு வேலைக்காரப் பெண்கள் இன்னும் வந்து சேரவில்லை. அவர்கள் வருவதற்குள் என்ன செய்வது என்று தெரியாமல் அவள் கூடத்துக்கும் வாசலுக்குமாக நடந்தாள். ஏனென்றால் அன்று அந்தப் பாகத்தை அவர்களுக்கு அவள் வாசித்துக் காட்டியாக வேண்டும்.

"சைக்கிள் கடை வேணி" என்பது மாதம் ஒன்றாக வருகிற படக்கதைப் புத்தகம். பக்கத்துக்கு நாலு கட்டம், கட்டத்துக்கு இரண்டு மூன்று வரிப் பேச்சு. அப்பா இறந்த பிறகு அவருடைய சைக்கிள் கடையைத் தனியாளாக நடத்துகிறவள் வேணி. எதிர்வாடையில் வந்து இன்னொரு சைக்கிள் கடை போட்டவன் வாசு. இரண்டு பேருக்கும் காலையில் கடை திறக்கும்போது ஒரு சண்டை, சாயங்காலம் அடைக்கும்போது ஒரு சண்டை. வேணியைப் பக்கத்தில் பார்க்க வேண்டும் என்பதற்காக வாசு தன் டயரில் தானே ஆணியைக் குத்திக்கொண்டு அவள் கடைக்கு உருட்டி வருவான். சொந்தமாகச் சைக்கிள் கடை வைத்திருக்கிறவன் எதிர்க் கடைக்குப் பஞ்சர் ஒட்ட வந்தால் தெரு சிரிக்காதா? அவளோ ஒட்டிக் கொடுத்துவிட்டு, பிடுங்கிய ஆணியையும் அவன் கையில் வைத்து, "நாளைக்கும் வேணும்லா, பத்திரமா வச்சுக்கோங்க" என்பாள். படிக்கிறவர்களுக்குச் சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கும்.

வேணியின் இடுப்பில் எப்போதும் கடைச் சாவி செருகியிருக்கும். முதல் பாகத்து முதல் கட்டத்திலிருந்தே அது உண்டு. கோபம் வந்தால் அதைத் தட்டி ஓசை எழுப்புவாள். பதினாறாம் பாகத்தில் வாசு அவளிடம் மனதைத் திறந்து சொன்னபோது, பூவைப் பற்றியும் நிலாவைப் பற்றியும் பேசவில்லை. "சாவி உன் இடுப்பிலேயே இருக்கட்டும் வேணி. எனக்கு உன் சண்டை போதும்" என்றுதான் சொன்னான். அந்தப் பக்கத்தைக் கம்பெனியில் பலமுறை வாசித்ததில் தாள் மாவுக்கை பட்டு மொறுமொறுத்துப் போயிருந்தது.

இந்த இருபத்துமூன்றாம் பாகத்தில் அவர்களுக்குக் கல்யாணம். இரண்டு வருடமாகக் காத்திருந்த கல்யாணம்! அதை எவ்வளவு கலகலப்பாகச் செய்திருக்கலாம்? பாதிப் புத்தகத்துக்குப் பழைய பாகத்துப் படங்களையே வெட்டி ஒட்டி, "வேணி நினைத்துப் பார்த்தாள்" என்று போட்டிருந்தான். மீதிப் பாதியில் அவள் அழுதாள். அடுப்புக்குப் பக்கத்தில் அழுதாள், துளசி மாடத்துக்குப் பக்கத்தில் அழுதாள். ஒரு கட்டத்தில்கூட ஒரு சிரிப்பு கிடையாது. மூக்குகூட மாறியிருந்தது, வேறு எவனோ வரைந்திருக்க வேண்டும். கடைசியில் மாமியார் ஒரு வார்த்தை சொன்னதும், வேணி சாவியை எடுத்து வாசுவின் காலடியில் வைத்துக் கும்பிட்டு, "இனி இந்த அடுப்படிதான் என் உலகம்" என்கிறாள். வாசு அதை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு புன்னகை செய்கிறான். சுபம்கூடப் போடவில்லை. கதை இன்னும் வருமாம்.

"இனி வந்தா என்ன, வராட்டா என்ன?" என்று அன்னத்தாய் சுவரைப் பார்த்துக் கத்தினாள்.

அவளுடைய கோபத்தை அளக்க வேண்டுமானால் அவள் யார் என்று தெரிய வேண்டும். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் அவளை விட்டது. அவளும் பள்ளிக்கூடத்தை விட்டாள். பாவாடை கட்டிய வயதில் அடுத்தவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து அப்பளம் இட்டவள். புருஷன் போன பிறகு ஒரு பலகையும் ஒரு குழவியும் வைத்துத் தனியாகத் தொடங்கி, இன்று கூடம் நிறையப் பெண்களை வேலைக்கு வைத்து, மதுரைக்கும் பம்பாய்க்கும் அப்பளக் கட்டு அனுப்புகிறாள். போர்டு எழுதும்போது, ஏதாவது சாமி பேரை வைக்கச் சொல்லி ஊரில் பெரியவர்கள் புத்தி சொன்னார்கள். "சாமியா வந்து மாவு இடிச்சுது? நாந்தான இடிச்சேன்?" என்று கேட்டுத் தன் பேரையே கொட்டை எழுத்தில் எழுதவைத்தாள். தாமிரபரணித் தண்ணீரால்தான் இந்த ஊர் அப்பளத்துக்கு ருசி என்று யாராவது சொன்னால்கூட அவளுக்குப் பொறுக்காது. ஆறு எல்லாருக்கும்தானே ஓடுகிறது, எல்லாரும் கம்பெனி வைத்துவிட்டார்களா என்பாள்.

அப்படிப்பட்டவள், இடுப்பில் சாவியோடு நிற்கிற ஒரு பெண்ணின் படத்தை திருநெல்வேலி ஜங்ஷன் பஸ் ஸ்டாண்டுக் கடையில் பார்த்துத்தான் முதல் பாகத்தை வாங்கினாள். எழுத்துக் கூட்டிப் படித்தாள். போகப் போக ஏற்ற இறக்கத்தோடு, வேணிக்கு ஒரு குரல், வாசுவுக்கு ஒரு குரல் என்று வாசிக்கப் பழகிவிட்டாள். சனிக்கிழமை முற்பகலில் கம்பெனிக் கூடத்தில் வாசிப்பு நடக்கும். வட்டமாக உட்கார்ந்து பெண்கள் அப்பளம் இடுவார்கள்; நடுவில் முக்காலி போட்டு அன்னத்தாய் வாசிப்பாள். ஒரு பக்கம் முடிந்ததும் புத்தகத்தைத் திருப்பி, ஒரு சுற்றுச் சுற்றி எல்லாருக்கும் படம் காட்டுவாள். படம் காட்டாவிட்டால் விட மாட்டார்கள்.

அந்தக் கூட்டத்தில் முத்துராணிக்கு இடம் தனி. மாவுக்குப் பதம் பார்க்கிறவள் அவள்தான். உளுந்து மாவில் உப்பும் காரமும் சேர்த்துப் பிசைந்து, உலக்கையால் இடித்து, இவ்வளவு போதும் என்று நிறுத்துகிற இடம் அவள் கைக்குத் தெரியும். அன்னத்தாய்க்கும் தெரியும்; ஆனால் தோள் இப்போது உலக்கைக்கு உதவாது. முத்துராணி போய்விட்டால் அந்தக் கம்பெனியின் அப்பளம் மற்றக் கம்பெனி அப்பளம் மாதிரி ஆகிவிடும். அதனால்தான் கல்யாணப் பேச்சு வந்ததும் வெளியூருக்குப் போகாதபடி அன்னத்தாயே மாப்பிள்ளை பார்த்தாள். பாபநாசத்திலிருந்து திருநெல்வேலிக்குப் போகிற தனியார் பஸ்ஸில் கண்டக்டர் சுடலைராஜ். வீடு வீரவநல்லூர். ஏறி உட்கார்ந்து மூச்சு விடுவதற்குள் வந்துவிடுகிற தூரம். மாதாமாதம் ஜங்ஷனில் வேணி புத்தகத்தை வாங்கி, வருகிற வழியில் படித்துவிட்டு, கல்லிடைக்குறிச்சியில் கொண்டுவந்து கொடுக்கிறவனும் அவன்தான். அவனுக்கும் முத்துராணிக்கும் பேச்சு வளர்ந்ததே அந்தப் புத்தகத்தால்தான். இவள் வேணி கட்சி, அவன் வாசு கட்சி.

நிச்சயதாம்பூலத்தன்று தட்டு மாற்றுவதற்கு முன்னால் அன்னத்தாய் சபையில் கேட்டாள்: "ஏ மாப்ளே, கல்யாணத்துக்குப் பொறவு இவ என் கம்பெனிக்கு வருவாளா மாட்டாளா? இப்பமே சொல்லிரு."

சுடலைராஜ் ஒரு சிரிப்புச் சிரித்து, "சாவி அவ இடுப்புலயே இருக்கட்டும் அத்தை. எனக்கு அவ சண்டை போதும்" என்றான்.

கம்பெனிப் பெண்கள் குலவையே போட்டுவிட்டார்கள். "என்ன சாவி? யார் சாவி?" என்று சுடலைராஜின் அம்மா கேட்டது அந்தச் சத்தத்தில் யார் காதிலும் விழவில்லை. அங்கேயே அன்னத்தாய் மாவறைச் சாவியைத் தன் இடுப்பிலிருந்து எடுத்து முத்துராணியின் இடுப்பில் செருகினாள். "பாத்தியளா, நான் பாத்த மாப்பிள்ளைய!" என்று அதன் பிறகு கல்லிடைக்குறிச்சியில் ஒரு வீடு விடாமல் சொல்லிவிட்டாள்.

ஆவணியில் கல்யாணம். ஆடியில் இந்தப் பாகம்.

பெண்கள் வந்து பலகையும் குழவியும் எடுத்து உட்கார்ந்தார்கள். அன்னத்தாய் முக்காலியைத் தள்ளிப் போட்டுக்கொண்டாள், கொஞ்சம் தூரமாக.

"என்ன மதினி, இன்னைக்கு இம்புட்டுத் தள்ளி இருக்கிய?" என்று கேட்டாள் மாரிக்கண்ணு. அன்னத்தாயோடு தொடக்கத்திலிருந்தே இருக்கிறவள். அங்கே யாருக்கும் பயப்படாத நாக்கு அவளுடையது.

"கண்ணுக்கு வெளிச்சம் வேணும்ட்டி. நீ கைவேலையப் பாரு."

வாசித்தாள். வேணி அழுத இடத்தில் எல்லாம் வேணி சிரித்தாள். மாமியார் குரலை மூக்கால் பேசிக் காட்டினாள். புத்தகத்தில் இல்லாத வார்த்தைகள் அவள் வாயிலிருந்து மாவு உருண்டை மாதிரி உருண்டு உருண்டு வந்தன. படம் காட்டும்போது மாரிக்கண்ணு எட்டிப் பார்த்தாள்.

"ஏன் மதினி, இவ அழுகுத மாதிரில்லா இருக்கு?"

"சிரிச்சுச் சிரிச்சுக் கண்ணுல தண்ணி வந்துட்டு. நீ சிரிச்சதே இல்லியா?"

"இங்கன துளசி மாடத்துக்கிட்டயுமா?"

"அங்கனயுந்தான். கதைக்குள்ள நொட்டை சொல்லாதட்டி."

கடைசிப் பக்கம் வந்தது. அன்னத்தாய் நிமிர்ந்து உட்கார்ந்தாள். "அப்பம் வேணி சொல்லுதா: 'அத்தை, அடுப்படியும் எனக்குத்தான், கடையும் எனக்குத்தான். ரெண்டுக்கும் சாவி எங்கிட்டத்தான் இருக்கும். உங்க மவனுக்குத்தான் டயர்ல ஆணி குத்தத் தெரியுமே, அவரு பஞ்சர் ஒட்டட்டும்.' உடனே மாமியாக்காரி வாயடைச்சுப் போயிட்டா. முடிஞ்சு."

கூடம் கொல்லென்று சிரித்தது. முத்துராணி மாவுக்கையால் இடுப்புச் சாவியை ஒரு தட்டுத் தட்டினாள். அன்னத்தாய் அதைப் பார்த்துவிட்டாள். அச்சில் இருக்கிறதைவிடத் தன் வாயில் வந்ததே நல்ல கதை என்று அந்தக் கணத்தில் அவளுக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

"கடைசிப் படத்தக் காட்டுங்க மதினி."

"பசை ஒட்டிக்கிட்டு. பிரிச்சாக் கிழிஞ்சிரும்."

அந்த நேரம் பார்த்தா சுடலைராஜ் உள்ளே வர வேண்டும்! அன்று அவனுக்கு ஓய்வு. தலையைப் படியச் சீவி, தோளில் துண்டு போட்டு, மாப்பிள்ளை முறுக்கோடு வாசலில் நின்றான்.

"என்ன, எல்லாருக்கும் ஒரே சிரிப்பா இருக்கு? உங்க வேணிதான் சாவியக் கால்ல வச்சுக் கும்புட்டுட்டாளே. இனி எதுக்குச் சிரிப்பு?"

குழவிகள் எல்லாம் நின்றன. மாரிக்கண்ணு எழுந்து வந்து, அன்னத்தாயின் மடியிலிருந்த புத்தகத்தை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் பிரித்தாள். பசையும் இல்லை, ஒன்றும் இல்லை. எழுத்துத் தெரியாத அவளுக்கு அந்தப் படம் போதும். காலடியில் சாவி, குனிந்த தலை. புத்தகம் கை மாறி வட்டத்தைச் சுற்றி வந்தது. யாரும் அன்னத்தாயைப் பார்க்கவில்லை. அதுதான் அவளுக்குத் தாங்கவில்லை. திட்டியிருந்தால் திருப்பித் திட்டியிருக்கலாம்.

"ஆமா, மாத்திப் படிச்சேன்! என்னங்கிய இப்பம்? அவன் கிறுக்கி வச்சதெல்லாம் என் வாயால படிக்கணுமோ?" என்று யாரும் கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னாள்.

புத்தகம் முத்துராணியிடம் வந்தது. அவள் பத்தாவது வரை படித்தவள். நிதானமாக வாசித்து மூடிவிட்டுச் சுடலைராஜைக் கேட்டாள்: "நீங்க என்ன சொல்லுதிய?"

"எதப் பத்தி?"

"இதப் பத்தித்தான். நீங்க வாசு கட்சில்லா?"

அவன் துண்டை எடுத்து முகம் துடைத்தான். "அது… வாசுவே மாறிட்டான்லா. கல்யாணத்துக்கு முன்னாடி ஆயிரம் சொல்லுவோம். அம்மையும் அன்னைக்கே கேட்டுக்கிட்டு இருந்தா, என்ன சாவி என்ன சாவின்னு. கண்டக்டர் பொண்டாட்டி அப்பளக் கம்பெனிக்குப் போறான்னு நாலு பேரு சொல்லுவாகளாம். அந்த மாவறைச் சாவிய ஆவணிக்கு முன்னாடி அத்தைகிட்டத் திருப்பிக் குடுத்துரச் சொன்னா. நானே சொல்லணும்னுதான் வந்தேன்."

"ஏலே!" என்று அன்னத்தாய் போட்ட சத்தத்தில் காகம் பறந்தது. "சபையில சொன்ன வார்த்தை என்னலே ஆச்சு?"

"அது கதையில வந்த வார்த்தை அத்தை. கதையே மாறிட்டு, நான் என்ன செய்ய?"

அன்னத்தாய்க்கு இரத்தம் தலைக்கு ஏறியது. ஊர் முழுக்கச் சொல்லி வைத்த மாப்பிள்ளை! வார்த்தையைக்கூடச் சொந்தமாகப் பேசாமல் புத்தகத்திலிருந்து இரவல் வாங்கிப் பேசியிருக்கிறான். அவள்தான் அதைக் கல்வெட்டு மாதிரி நினைத்து, கம்பெனியின் உயிரையே அந்தப் பெண்ணின் இடுப்பில் செருகியிருக்கிறாள். குழவியை எடுத்தாள். எறியத்தான் எடுத்தாள். மாரிக்கண்ணு கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பைய மதினி, பைய. மாப்பிள்ளை மண்டை உடைஞ்சா தாலி கட்டுகது யாரு?"

"தாலியா? இந்தச் சவத்து மூதிக்குத் தாலி ஒண்ணுதான் கேடு! போலே வெளிய!"

அவன் போய்விட்டான். அன்று இட்ட அப்பளமெல்லாம் ஓரம் தடித்து, நடு மெலிந்து கிடந்தது. பாதியை உருட்டித் திரும்ப மாவில் சேர்க்க வேண்டியதாயிற்று. முத்துராணி மாவறையைப் பூட்டி, சாவியை வழக்கம்போல இடுப்பில் செருகிக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

மறுநாள் காலை, சுடலைராஜ் டூட்டியில் இருக்கிற பஸ் கல்லிடைக்குறிச்சி நிறுத்தத்துக்கு வந்தபோது, அன்னத்தாய் புத்தகமும் கையுமாக நின்றுகொண்டிருந்தாள். பக்கத்தில் முத்துராணி. வேண்டாம் என்று சொல்லிப் பார்த்துவிட்டு, தனியே விட்டால் இன்னும் மோசமாகிவிடும் என்று கூட வந்திருந்தாள்.

அன்னத்தாயின் திட்டம் எளிது. பஸ்ஸில் அவன் மானத்தை வாங்குவது. வீரவநல்லூரில் இறங்கி அவன் அம்மாவின் மானத்தை வாங்குவது. அதற்குள் கோபம் தீராவிட்டால் ஜங்ஷன் வரை போய், புத்தகம் விற்றவனையும் பார்த்துவிட்டு வருவது.

ஏறினதும் ஆரம்பித்துவிட்டாள். "ஏ அய்யாமாரே, அம்மாமாரே, கேளுங்க! இந்தக் கண்டக்டர் சபையில ஒரு வார்த்தை சொல்லுவான், மறுமாசம் புத்தகத்தப் பாத்து மாத்திச் சொல்லுவான்! ஏலே, அடுத்த பாகத்துல வாசு கிணத்துல குதிச்சா நீயும் குதிப்பியாலே?"

"அத்தை, டூட்டில இருக்கேன் அத்தை."

"டூட்டியா! பத்தாங்கிளாஸ் படிச்சிட்டுப் பை மாட்டிக்கிட்டா நீ பெரிய ஆபீசரோ? நான் மூணாங்கிளாஸ்லே! நூறு பேருக்குச் சோறு போட்டிருக்கேன்லே!"

"என்ன புத்தகம் அண்ணாச்சி?" என்று ஒருவர் பக்கத்து இருக்கைக்காரரைக் கேட்டார். "சைக்கிள் கடை வேணி" என்றார் அவர். "ஐயையோ, இந்தத் தடவை படுமோசம்லா!" என்று பின்னாலிருந்து ஒரு டீச்சரம்மா குரல் கொடுத்தாள். "மூக்கே மாறிட்டு!"

"கேட்டியாலே, மூக்கே மாறிட்டாம்!" என்று அன்னத்தாய் கத்தினாள். பஸ்ஸே சிரித்தது. சுடலைராஜும் அசட்டுச் சிரிப்புச் சிரித்தான். அந்தச் சிரிப்பில் அன்னத்தாயின் கோபம் கரைந்து வேடிக்கையாகிவிட்டது. இவ்வளவு கத்தியும் அவன்மேல் ஒரு கீறல்கூட விழவில்லை என்பது அவளுக்கே தெரிந்தது. எல்லாருக்கும் அது புத்தகச் சண்டையாகத்தான் இருந்தது.

"விடுங்க அத்தை, வெறும் கதைக்குப் போயி" என்று சொல்லிவிட்டு அவன் அடுத்த இருக்கைக்கு டிக்கெட் கிழிக்கத் திரும்பினான்.

அப்போதுதான் முத்துராணி எழுந்தாள். அவன் தோளில் மாட்டியிருந்த தோல் பையின் வாரைப் பிடித்துக் கழற்றத் தொடங்கினாள்.

சுடலைராஜ் திடுக்கிட்டு இரண்டு கையாலும் பையை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தான். டிக்கெட் கட்டு கீழே விழுந்தது. அவள் விடவில்லை. உலக்கை பிடித்த கை. அவனால் இழுக்க முடியவில்லை.

"ஏட்டி, விடு! என்ன செய்யுத?"

"எங்கிட்டக் குடுங்க. ஆவணிக்கு முன்னாடி குடுத்துருங்க."

"பைய எப்படிட்டி குடுக்க? வேலை போயிரும் எனக்கு!"

"என் வேலை போனா?"

பஸ்ஸில் யாரும் சிரிக்கவில்லை. அவனுடைய பிடி மட்டும் தளரவே இல்லை. பிடித்திருக்கிற தன் கையையே அவன் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றான். டிரைவர் திரும்பி, "ஏலே, விசில் குடுக்கியா, இல்ல நான் பாட்டுக்குப் போவவா?" என்று கேட்டார். வீரவநல்லூர் வந்திருந்தது.

முத்துராணி பையை விட்டாள். கீழே கிடந்த டிக்கெட் கட்டை எடுத்துத் தூசி தட்டி அவன் கையில் கொடுத்தாள். "உங்க அம்மைகிட்ட நீங்க பேசுங்க. பேசிட்டு, அவுகளக் கூட்டிட்டு வாங்க. என் வேலையப் பாக்கட்டும். இல்லைனா நிச்சயத் தட்டத் திருப்பி அனுப்பிருதேன்."

இறங்கினதும் அன்னத்தாய் அவன் வீட்டுத் தெருவைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள். முத்துராணி அவள் முந்தானையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வேண்டாம் பெரியம்ம. அவரு பேசட்டும்."

"அவனா? அவனுக்கு வாயி புத்தகத்துலல்லா இருக்கு! நான் போயி ரெண்டு கேள்வி கேட்டாத்தான…"

"நீங்க கேட்டா நீங்க ஜெயிச்சிருவிய. பொறவு அந்த வீட்டுல இருக்கப்போறது நான்."

அது உண்மை என்பது அன்னத்தாய்க்குத் தெரிந்தது. தெரிந்ததே இன்னும் கோபமாக இருந்தது. திரும்புகிற பஸ் வரும் வரை, எழுதினவனையும் வரைந்தவனையும் அச்சடித்தவனையும் தனித்தனியாக எடுத்துத் திட்டித் தீர்த்தாள். சுடலைராஜின் அம்மாவுக்கென்று சேர்த்து வைத்திருந்ததும் அதில் கலந்து போயிற்று.

அந்த வாரமே ஒரு நாள் சுடலைராஜ் அம்மாவைக் கூட்டிக்கொண்டு வந்தான். வீட்டில் என்ன பேசினான் என்று அவன் சொல்லவில்லை. ஆனால் இந்த முறை கையில் புத்தகம் இல்லை. "நாந்தான் சபையில சொன்னேன். நாந்தான் மாத்திப் பேசினேன். இவ வேலைக்கு வரட்டும்" என்றான், யார் முகத்தையும் பார்க்காமல். அழகாக இல்லை, ஆனால் சொந்தப் பேச்சு.

அம்மாக்காரி மாவறை வாசலில் நின்று, முத்துராணி உலக்கை போடுவதையும், இடையில் ஒரு விள்ளல் மாவை எடுத்து விரலால் இழுத்துப் பார்த்துவிட்டு மறுபடி இடிப்பதையும் பார்த்தாள். கூடத்துப் பெண்கள் உருண்டைக்காக அவளையே எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தார்கள். அன்னத்தாய் பல்லைக் கடித்துக்கொண்டு ஓரமாக நின்றாள். அவள் வாழ்நாளில் செய்த பெரிய வேலை கம்பெனி வைத்தது இல்லை. அந்த அரைமணி நேரம் பேசாமல் நின்றதுதான்.

"பொழுது அடைஞ்சா வீட்டுக்கு வந்துரணும்" என்றாள் அம்மாக்காரி கடைசியில்.

"பஸ்ஸு நேரத்துக்கு வந்தா நானும் வந்துருவேன் அத்தை. உங்க மவன் பஸ்ஸுதான்."

மாரிக்கண்ணு முதலில் சிரித்தாள். அம்மாக்காரிக்கும் உதட்டோரம் கொஞ்சம் அசைந்தது.

ஆவணியில் கல்யாணம் நடந்தது. மறுவீடு முடிந்ததும் முத்துராணி சாவியோடு வேலைக்கு வந்தாள். "நான் பாத்த மாப்பிள்ளை" என்று அன்னத்தாய் மறுபடி ஊரெல்லாம் சொல்லத் தொடங்கினாள். பஸ்ஸில் நடந்ததைச் சொல்லும்போது, பையை இழுக்கச் சொல்லிக் கண் காட்டியதே தான்தான் என்று சேர்த்துக்கொண்டாள். முத்துராணி மறுத்துப் பேசவில்லை.

ஆனால் அந்தப் புத்தகத்தின்மேல் இருந்த கோபம் மட்டும் தணியவே இல்லை. இருபத்திரண்டு பாகமும் தகர டிரங்குப் பெட்டியில் இருந்தன. இருபத்துமூன்றை அதில் சேர்க்க மாட்டேன் என்றாள். அப்பளக் கட்டுக்கு அடியில் வைக்கலாமே என்று மாரிக்கண்ணு சொன்னதற்கு, "என் அப்பளத்துல அந்த மை ஒட்டுகதுக்கா?" என்று சீறினாள். சனிக்கிழமை வாசிப்பு மறுபடி முதல் பாகத்திலிருந்து தொடங்கியது.

ஒரு சாயங்காலம் சுடலைராஜ் கம்பெனி வாசலில் வந்து நின்றான். கக்கத்தில் ஒரு புத்தகம்.

"அத்தை, இருபத்துநாலு வந்துட்டு."

அன்னத்தாய் கையை நீட்டவில்லை. "படிச்சியா?"

"படிச்சேன்."

"சாவி யாருகிட்ட இருக்கு?"

அவன் தலையைச் சொறிந்தான். முத்துராணி மாவறையைப் பூட்டிக்கொண்டே திரும்பிப் பார்த்தாள்.

"இன்னும் வாசு சட்டைப் பையிலதான் அத்தை."

"அப்பம் கொண்டுபோயி உன் பஸ்ஸுச் சக்கரத்துக்கு முட்டுக் குடு" என்று சொல்லிவிட்டு, அன்னத்தாய் அப்பளக் கட்டுகளை எண்ணப் போய்விட்டாள்.